மோட்டார் எஞ்சினில் பெட்ரோல் பம்பின் ஓசை

பாறையைக் கம்பியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு அதன் உறுதியை அறிவது சுரங்கத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். கணீரென்று ஒலித்தால் பாறை கெட்டியானது. உள்ளீடற்ற ஒலி எழுந்தால் அது பிளவுற்றிருக்கிறது என்பது பொருள். 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டவை. அத்தகைய ஆழத்தில் பணி புரிவோருக்கு இவ்வறிவு உயிர்க்காப்பாகும். கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் வண்டிகளின் பழுதையும் இவ்வாறே செவியால் ஓரளவு கண்டறியலாம்.

அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில், பெட்ரோல் பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். கேம் தண்டு சுழலும்போது அதிலுள்ள மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல், டயாபிரம் எனப்படும் ரப்பர்ச் சவ்வைக் கீழே இழுக்கிறது. தொட்டியிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. பின்னர் ஒரு ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. மற்றொரு சிறு ஸ்பிரிங், நெம்புகோல் கேமை விட்டு விலகாதபடி அணைத்து வைக்கிறது.

இச்சிறு ஸ்பிரிங் தளர்ந்தாலோ, நெம்புகோலின் முனையும் அச்சாணியும் தேய்ந்தாலோ, 'டக், டக்' என்ற ஓசை எழும். கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்திலேயே சுழல்வதால், நிமிடத்திற்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் இவ்வோசை 400 முறை கேட்கும். தளர்ந்த டாப்பெட் ஒன்றும் இதே கதியில் ஒலிக்கும். ஆதலால் கதியைக் கொண்டன்றி, ஓசை பிறக்கும் இடத்தைக் கொண்டே வேறுபாடு காண வேண்டும். நீண்ட திருப்புளியின் முனையைப் பம்பின் மீதும், பின்னர் வால்வு மூடியின் மீதும் வைத்து, பிடியைக் காதருகே கொண்டு கேட்டால் வேறுபாடு புலனாகும். சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை, ஆடை அகப்படாதவாறு எச்சரிக்கை தேவை.

ஓசை பம்பிலிருந்தே எழுகிறதெனில், எஞ்சினை நிறுத்தி, முதலில் அதன் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கட்டின் கனத்தைக் கவனிக்க வேண்டும். அது உரிய அளவினும் மிகுந்தால் நெம்புகோல் கேமைச் சரிவரத் தொடாமல் மோதி ஒலிக்கும்.

மாரிஸ் மைனர் போன்ற சில வண்டிகளில் மின்சாரப் பம்பு உண்டு. சாவியைத் திருப்பியவுடன் அது விரைந்து ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்குவது இயல்பு. அடங்காவிடில் தொட்டி வெறுமையாயிருக்கலாம். உறிஞ்சு குழாயில் காற்றுப் புகலாம். அன்றி எங்கேனும் பெட்ரோல் ஒழுகலாம்.

எனினும், ஓசையினும் அபாயமானது ஓசையற்ற பழுதே. தேய்ந்த நெம்புகோல் பல நாள் ஒலித்துக்கொண்டே உழைக்கக்கூடும். ஆனால் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் சத்தமின்றி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப் பேரிங்குகள் அழியும். வெளியே ஒழுகினால் தீப்பற்றும். எண்ணெய் அளக்கும் கம்பியில் மட்டம் உயர்ந்திருந்தாலும், பெட்ரோல் மணம் வீசினாலும், எஞ்சினை இயக்கலாகாது. டயாபிரத்தை மாற்றி, எண்ணெயையும் புதிதாக ஊற்றிய பின்னரே இயக்க வேண்டும்.

இவ்வெச்சரிக்கை இன்று மேலும் இன்றியமையாததாகும். 2025-ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. முற்காலத்து ரப்பர் வகைகள் சில, எத்தனாலினால் உப்பி, நாளடைவில் வெடிக்கும் இயல்புடையவை. ஆகவே பழைய வண்டிகளுக்கு எத்தனாலைத் தாங்கும் டயாபிரமும் ரப்பர்க் குழாய்களும் பொருத்துவது நலம்.

சோதனையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பின்னர் தொடங்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் இருத்தல் கூடாது. தொழிற்பயிற்சி ஆசிரியர்கள், கழற்றப்பட்ட பழைய பம்பு ஒன்றை மேசைமேல் வைத்து நெம்புகோலைக் கையால் இயக்கிக் காட்டினால், மாணவர் இத்தத்துவத்தை எளிதில் உணர்வர்.