கொரோனா என்று பெயர் வாங்கிய பூச்சி

2020ஆம் ஆண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, கடைக்குப் பூட்டு, முகத்தில் மாஸ்க். உங்களில் பலர் அப்போது ரொம்பச் சின்னக் குழந்தைகள், நினைவிருக்காது. வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கொசோவோ என்ற சின்ன நாட்டிலும் இதே நிலைமைதான். அந்தச் சமயத்தில்தான் பிரிஷ்டினா பல்கலைக்கழகத்தின் ஹலில் இப்ராஹிமியும் அவருடைய குழுவினரும் ஒரு பூச்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். சில வருடங்களுக்கு முன்பே பிடித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பூச்சி அது. 2021 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. பூச்சிக்கு அவர்கள் சூட்டிய பெயர்: பொட்டாமோஃபிலாக்ஸ் கொரோனாவைரஸ்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். இந்தப் பூச்சி கடிக்காது, நோயும் பரப்பாது. கடிக்க வேண்டும் என்று அது ஆசைப்பட்டாலும் வளர்ந்த பூச்சிக்குக் கடிக்கிற தாடையே கிடையாது!

இது கேடிஸ் பூச்சி வகையைச் சேர்ந்தது. பார்த்தால் சாம்பலோ பழுப்போ பூசிய அந்துப்பூச்சி என்றுதான் நினைப்பீர்கள். உட்காரும்போது இறக்கைகளை ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி சரித்து வைத்துக்கொள்ளும். முன்னால் நீளமாக இரண்டு உணர்கொம்புகள். அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறதே, அவை அதன் இறக்கைச் செதில்கள். கேடிஸ் பூச்சியின் இறக்கையில் செதிலுக்குப் பதிலாக மெல்லிய முடிகள் இருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தக்காரர்கள்தான். உலகம் முழுக்க 16,000க்கும் அதிகமான கேடிஸ் இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், வளர்ந்த பூச்சியைவிட அதன் புழுப் பருவம்தான் சுவாரசியம். புழு வாழ்வது தண்ணீருக்குள். பல இனங்களின் புழுக்கள் தங்களுக்கென்று ஒரு குழாய் வீட்டைக் கட்டிக்கொள்கின்றன. கீழுதட்டிலிருந்து பட்டு இழை வரும். ஒரு மணலை எடுக்கும், முன்கால்களால் திருப்பித் திருப்பிப் பார்க்கும், சரிப்படாவிட்டால் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கும். பொருந்துகிற மணலைக் குழாயின் விளிம்பில் வைத்துப் பட்டால் ஒட்டும். சில இனங்கள் சின்ன வயதில் இலைத் துண்டுகளால் வீடு கட்டி, வளர்ந்ததும் கல்லுக்கும் மணலுக்கும் மாறிவிடுகின்றன. போகிற இடமெல்லாம் வீடும் கூடவே வரும். தலையையும் கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இழுத்துக்கொண்டு நடக்கும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஈரக் கல்லில் டேப் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. இந்தப் பட்டோ தண்ணீருக்குள்ளேயே வெளிவந்து, தண்ணீருக்குள்ளேயே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஈரமான உடலுக்குள் காயத்தை ஒட்டக்கூடிய பசை செய்ய இதில் ஏதாவது வழி கிடைக்குமா என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து வருகிறார்கள்.

புழு நன்றாக வளர்ந்ததும் வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே கூட்டுப்புழுவாக மாறும். நேரம் வந்ததும் கூர்மையான தாடைகளால் அடைப்பை அறுத்துக்கொண்டு, நீந்தி மேலே வரும். தோலை உரித்துப் பறக்கும். அறுப்பதற்கு உதவிய தாடை அந்தத் தோலோடு போய்விடும்!

சரி, கொசோவோவுக்குத் திரும்புவோம். அங்கே ‘சபிக்கப்பட்ட மலைகள்’ என்று பெயர் கொண்ட மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. அங்குள்ள தேசியப் பூங்காவில்தான் இந்தப் பூச்சி கிடைத்தது. பிடித்ததும் “புது இனம்!” என்று யாரும் துள்ளிக் குதித்துவிட முடியாது. இதன் உறவுக்கார இனங்கள் எல்லாம் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு இருப்பது ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பில். அதைப் பார்ப்பதற்கு வயிற்றுப் பகுதியைக் கத்தரித்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுவது வழக்கம். சதை கரைந்துபோய், கெட்டியான கைட்டின் பாகம் மட்டும் மிஞ்சும். அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து வரைவார்கள். ஒரு கொக்கி எவ்வளவு வளைந்திருக்கிறது, ஒரு முள் எங்கே முளைத்திருக்கிறது என்று ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வோர் இனத்தோடும் ஒப்பிட வேண்டும். கொசோவோ குழுவினர் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதுவும் இது தனி இனம்தான் என்று சொன்னது.

அதோடு வேலை முடியாது. ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து, ‘இந்த இனத்துக்கு இதுதான் மூல மாதிரி’ என்று அறிவித்துப் பாதுகாத்து வைக்க வேண்டும். நூறு வருடம் கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதே பூச்சியை எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்கிறீர்களா? 1834இல் ஐசக் லீ என்ற அமெரிக்க அறிஞர் ஒரு புது நத்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிப் பெயரும் வைத்தார். அழகாகச் சுருண்ட ஓடு. மேலே மணல் ஒட்டியிருந்தது. உண்மையில் அது நத்தையே இல்லை. ஒரு கேடிஸ் புழு மணலால் கட்டிய சுருள் வீடு!

புதுப் பூச்சிக்குப் போய் ஏன் வைரஸின் பெயர்? ஊரடங்கு நாட்களில் எழுதப்பட்டது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் கசப்பானது. கொசோவோ இருக்கும் பால்கன் பகுதியின் மலையாறுகளில் சின்னச் சின்னப் புனல்மின் நிலையங்கள் வரிசையாக முளைத்தன. ஆற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பிவிட்டால், கீழே ஓடையில் ஓடுவதற்கு என்ன மிஞ்சும்? தண்ணீர் குறைந்தால் கேடிஸ் புழு வேறு எங்கே போகும்? மனிதர்களுக்குக் கொரோனா எப்படியோ, ஆற்று உயிர்களுக்கு இது அப்படியொரு கொள்ளைநோய் என்று சொல்லத்தான் அந்தப் பெயர். பூச்சியின் பெயரைக் கேட்டுத் திடுக்கிடுகிறவர்கள் ஆற்றைப் பற்றியும் கேட்பார்கள் என்ற கணக்கு பலித்தது. பல நாட்டுச் செய்திகளில் இந்தப் பூச்சி வந்தது. வேறு பெயர் வைத்திருந்தால் யார் கண்டுகொண்டிருப்பார்கள்?

கேடிஸ் புழுக்களைப் பார்க்க நாம் கொசோவோ வரை போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் அவை இருக்கின்றன. மழை இல்லாத நாளில், பெரியவர்கள் துணையோடு, ஆழமில்லாத தெளிந்த ஓடைக்குப் போங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் மணலாலோ சருகாலோ ஆன சின்னக் குழாய் ஒட்டியிருக்கலாம். வெளியே எடுத்தால் புழு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஓடைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். முதலில் கால்கள் வரும், அப்புறம் தலை. பார்த்து முடித்ததும் புழுவை அதே இடத்தில் விட்டு, கல்லையும் பழையபடி கவிழ்த்து வைத்துவிடுங்கள்.