வீட்டிற்குள் வந்த வகுப்பறை

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில் ஒரு குன்று உண்டு. பண்டைக் காலத்தில் சமணத் துறவியர் தங்கியிருந்த கற்படுக்கைகளையும், தமிழி எழுத்தில் வெட்டப்பெற்ற பழமையான கல்வெட்டையும் அங்கே காணலாம். துறவியர் உறைந்த இத்தகைய இடங்களுக்குப் 'பள்ளி' என்று பெயர். அச்சொல்லே நாளடைவில் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று. கற்பிப்பவர் இருக்கும் இடத்தை நாடிக் கற்பவர் சென்றனர், அதுவே பள்ளி. இன்றோ ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோர் இடத்திலும் இருக்க, இருவருக்கும் இடையே கைபேசி நிற்கின்றது. இதனால் நம் பிள்ளைகள் பெற்றது என்ன? இழந்தது என்ன? பெற்றோராகிய நாம் அமைதியாக எண்ணிப் பார்த்தல் நலம்.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றினால் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் இடையில் சில வாரங்கள் நடைபெற்றபோதிலும், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் பள்ளிக் கதவு திறந்தது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பு மாணவனாகவே வகுப்பறையை முதன்முதலாகக் கண்டது! அந்த நீண்ட இடைவெளியை நிரப்ப வந்ததே இணையவழி வகுப்பு. பெருந்தொற்று அகன்றுவிட்டது, கைபேசி அகலவில்லை. வீட்டுப்பாடம், தனிப்பயிற்சி, நுழைவுத்தேர்வுப் பயிற்சி எனப் பலவும் இன்று அதன் வழியாகவே வருகின்றன.

நன்மைகள்

இதன் நன்மைகளை மறுத்தல் நேர்மையன்று. வகுப்பில் ஒருமுறை கேட்டுப் புரியாத கணக்கை, பதிவு செய்யப்பட்ட பாடத்தில் நிறுத்தி நிறுத்திப் பத்து முறை கேட்கலாம். நோயுற்றுப் படுத்திருக்கும் பிள்ளைக்கும், தொலைவில் வாழும் பிள்ளைக்கும் பாடம் தேடி வருகின்றது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீடுகள், நூலிலிருந்து நேரே காணொளிக்கு இட்டுச் செல்கின்றன. 2017இல் மைய அரசு தொடங்கிய 'சுவயம்' தளத்தில், சிற்றூர் மாணவரும் புகழ்பெற்ற பேராசிரியர்களின் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நகரத்துச் செல்வர்க்கே எட்டிய பயிற்சி நாட்டுப்புறத்திற்கும் வந்தது பெரும்பேறே.

குறைகள்

ஆயினும் அந்தப் பேறு எல்லார்க்கும் கிட்டியதா? 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியச் சிற்றூர்களில் நூறு குடும்பங்களுள் ஏறத்தாழ பதினைந்திற்கே இணைய வசதி இருந்தது. கணிப்பொறி வைத்திருந்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அந்நிலையில்தான் பெருந்தொற்று வந்தது. நெல் நடவுக்கும் மணிலாப் பறிப்புக்கும் கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் கைபேசி ஒன்று, பிள்ளைகள் மூவர் என்றால் யாருக்கு முதலிடம்? தந்தை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றுவிட்டால் பாடம் எங்கே? பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவள் பெண்பிள்ளையே அன்றோ? இக்குறையை உணர்ந்தே, இணையம் வேண்டாத கல்வித் தொலைக்காட்சி வழியாக அரசு 2020 சூலையில் பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க இயலாதே!

கைபேசி இருந்த வீட்டிலும் வேறொரு குறை இருந்தது. ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நிற்கும்போது, எந்த மாணவன் விழிக்கிறான், எவன் காலையில் உண்ணாமல் வந்திருக்கிறான் என்பதை ஒரு நோக்கில் அறிந்துகொள்வார். திரை அதை அறியாது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் 2021 சனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 92 பேர், முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களுள் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணக்கில் 82 பேர். கண்ணுக்கும் கழுத்துக்கும் நேரும் துன்பமும், பாடத்திற்காக வாங்கிய கருவி விளையாட்டிற்கு இழுத்துச் செல்லும் கொடுமையும் நாம் நாள்தோறும் காண்பவையே.

இழந்தது எவ்வாறு மீண்டது?

2021 அக்டோபர் 27ஆம் நாள், நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தத்தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடனாய்வாளரும் நடத்திய ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு திங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டதாகக் கூறுகின்றது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தன்னார்வலர்களால் வந்ததாம். இதனால் விளங்குவது யாது? இழந்த கல்வியை மீட்டுத் தந்தவர்கள், பிள்ளையின் அருகே வந்து அமர்ந்த மனிதர்களே. கருவி கல்விக்குத் துணை, ஆசிரியருக்கு ஈடன்று.

நம் கடமை

கைபேசியை அறவே விலக்கவும் வேண்டா. அதனிடமே பிள்ளையை ஒப்படைத்துவிடவும் வேண்டா. பாடம் கேட்கும் பிள்ளை மூடிய அறையில் அன்றி, எல்லாரும் நடமாடும் கூடத்தில் அமரட்டும். பாடம் முடிந்ததும் கருவி பெற்றோர் கைக்குத் திரும்பட்டும். மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம். இரவு உணவின்போது, "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் இதைக் கேட்கலாம். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே பாடம் விளங்கியிருக்கும்.

கற்றறிந்த இளைஞர் நம் பங்குகளில் பலர் உளர். மாலையில் ஒரு மணி நேரம் பங்கு மண்டபத்தின் விளக்கை ஏற்றி, கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்தினால், அதுவே சிறந்ததொரு பள்ளியாகும். அண்டை வீட்டுப் பிள்ளை பின்தங்கி நிற்க, நம் பிள்ளை மட்டும் முன்னேறுவது முன்னேற்றமாகுமா? சிந்திப்போம், செயற்படுவோம்.