சக்கரம் (தொடர்): சேற்றுக்கு இரும்பு

ஜீயபுரத்தில் சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டர், சாலையில் வந்த கோலத்தில் வயலுக்குள் போவதில்லை. காவிரியையும் திருச்சி–கரூர் சாலையையும் ஒட்டிய நெல் வயல்களில் தண்ணீர் கட்டியதும், பின்சக்கரங்களில் இரும்புக் கூண்டு ஏறுகிறது. ஊரில் அதற்குக் கேஜ் வீல் என்று பெயர். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டையும், அதை ஓரங்கட்டிய டயர் வண்டியும் முன்வாரங்களில் வந்துவிட்டன. மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

நெல் வயலில் மேலே ஏறத்தாழ ஒரு சாண் சேறு. அதற்குக் கீழே, பல்லாண்டு உழவில் இறுகிப்போன கெட்டித் தரை. தண்ணீர் சட்டென்று கீழே இறங்காமல் வயலில் நிற்பது அந்தத் தரையால்தான். டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பாகி, நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றச் சுற்றக் குழி விழும். கூண்டின் இரும்புப் பற்கள் சேற்றைத் துளைத்துக் கெட்டித் தரையில் ஊன்றி வண்டியைத் தள்ளுகின்றன. போகிற போக்கில் சேற்றையும் கலக்கிவிடுவதால் உழவில் பாதி வேலை சக்கரத்திலேயே முடிந்துவிடும்.

இதைச் செய்யப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. வெல்டிங் பட்டறை போதும். வளைத்த இரும்பு வளையங்கள், அவற்றின் மேல் ஆங்கிள் துண்டுகளில் பற்கள், ரிம்மின் போல்ட் துளைகளுக்குப் பொருந்தும் ஒரு தகடு. டயரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டுவது முழுக் கேஜ். டயருக்கு வெளிப்புறம் இணைப்பது அரைக் கேஜ். கைத்திறன் தெரிவது பற்களை வைப்பதில்தான். நெருக்கி வைத்தால் இடையில் களிமண் அடைத்துக் கூண்டே உருளையாகிவிடும். தள்ளித் தள்ளி வைத்தால் வண்டி குலுங்கும். பற்களைச் சற்றுச் சாய்த்துப் பற்றவைத்தால், ஒன்று தரையை விடுமுன் அடுத்தது ஊன்றிவிடும், குலுக்கல் அடங்கும். பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையும் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் உள்ள திருச்சி மாவட்டத்தில் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

இரும்புப் பல் டிராக்டருக்குப் புதிதல்ல என்பதுதான் இந்த வாரத்தின் பெரிய வியப்பு. டிராக்டர் பிறந்ததே இரும்புச் சக்கரத்தோடுதான். அந்தப் பற்கள் சாலையைக் கொத்திப் போட்டதால் அமெரிக்காவில் பல இடங்களில் அவற்றைச் சாலையில் ஏற்றவே விடவில்லை. 1932-இல் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் ‘யு’ மாடல் டிராக்டரில் ஃபயர்ஸ்டோனின் விமான டயர்களை மாட்டிப் பார்த்தது. டிராக்டருக்கென்று காற்றடைத்த டயரே அப்போது கிடையாது. வேறொரு வண்டியின் பொருளை எடுத்துப் பொருத்திப் பார்த்த பட்டறைச் சோதனைதான் அதுவும். காற்றைக் குறைவாக அடைத்ததால் டயர் தரையில் பரந்து உட்கார்ந்தது. பல் இல்லாமலே மண்ணைப் பிடித்தது. ஆனாலும் ரப்பர் உழவுக்குத் தாங்காது என்று விவசாயிகள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க, 1933-இல் கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை உட்காரவைத்து, ரப்பர் டயர் போட்ட டிராக்டரை மணிக்கு 64 மைல், அதாவது 103 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். கலப்பை இழுக்கும் வண்டி அது! சில ஆண்டுகளிலேயே ரப்பர் அமெரிக்காவில் பரவியது, பிறகு உலகெங்கும். அது தோற்ற ஒரு பெரிய இடம் ஆசியாவின் நெல் வயல். சாலை துரத்திய இரும்பைச் சேறு திரும்ப அழைத்துக்கொண்டது.

காய்ந்த நிலத்தில் டயர் பிடிக்க எடையும் வேண்டும். அதற்கு ஒரு மலிவான வழி, பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு தண்ணீர் நிற்கும். மேலே உள்ள காற்று மெத்தையாக உதவும். 13.6-28 அளவு டயரில் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்குமாக 400 கிலோ, குழாயடிச் செலவில்! முன்பக்கம் இரும்புக் கட்டிகளை மாட்டுவது வேறு காரணத்துக்காக: பின்சக்கரம் சிக்கும்போது முன்பக்கம் எழும்பாமல் இருக்க.

சிக்கிய வண்டியை மீட்க, பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி முறுக்கும் பழக்கம் மட்டும் அடியோடு ஒழிய வேண்டும். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால், இன்ஜினின் விசை முழுவதும் வண்டியை அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர் கிளட்சை மிதிக்குமுன் டிராக்டர் அவர் மேல் கவிழ்ந்துவிடும். கலப்பையைக் கழற்றிவிட்டு, இன்னொரு வண்டியால் தாழ்வான கொக்கியில் இழுப்பதே பாதுகாப்பு.

உழவு முடிந்ததும் கூண்டைக் கரையிலேயே கழற்ற வேண்டும். கழற்றச் சோம்பி அப்படியே தார்ச்சாலையில் ஏற்றினால், ஒவ்வொரு பல்லும் தாரில் ஒரு வடு வைக்கும். மழை பெய்ததும் அந்த வடு பள்ளமாகும். கழற்றிய கூண்டை டிரெய்லரில் ஏற்றிப் போகலாம். அச்சின் ஆயில் சீலில் ஒட்டிய சேற்றைக் காயுமுன் கழுவி, முன்சக்கரத்துக்குப் புது கிரீஸ் வைத்தால் அடுத்த வயலுக்கு வண்டி தயார்.

இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த பிரேக் அடுத்த வாரத்துக்குப் போகிறது. டிராக்டருக்கு இடது, வலது என்று தனித்தனிப் பிரேக் எதற்கு, சாலையில் ஏறுமுன் இரண்டையும் ஏன் இணைத்துப் பூட்ட வேண்டும் என்பது அதில்.