மோதாமல் பறக்க எந்தக் கருவி?

2006 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் ரக ஜெட் ஒன்று சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடர்மீது மோதியது. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். மூக்கு நொறுங்கிய ஜெட், சக்கரங்கள் இறங்காமலே கார்சன் சிட்டி ஓடுதளத்தில் வயிறு உரசி நின்றது. யாரும் சாகவில்லை. கிளைடரில், ரேடாருக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க, விமானி அதை அணைத்து வைத்திருந்தார்.

அவரைத் திட்டுவது சுலபம். ஆனால் எஞ்சின் இல்லாத கிளைடரில் மின்சாரம் தயாரிக்க ஏதுமில்லை. ரேடியோவிலிருந்து எல்லாமே 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. அமெரிக்க விதிகள் கிளைடர்களுக்கு டிரான்ஸ்பாண்டரிலிருந்து விலக்கு அளித்ததும் இதனால்தான். அந்த விலக்கை நீக்கும்படி, விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு பரிந்துரைத்தது.

கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள முடியாதா? நேராக மோத வரும் விமானம் கண்ணாடியில் ஒரே புள்ளியில் அசையாமல் நிற்கும். கடைசி நொடிகளில்தான் திடீரெனப் பெரிதாகும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். அதிலும் கிளைடரை நேர் எதிரே பார்த்தால் மெல்லிய வெள்ளைக்கோடுதான்.

டிரான்ஸ்பாண்டர், கேட்டால் பதில் சொல்லும் கருவி. தரை ரேடாரும் ஜெட்டில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவியும் கேள்வி அனுப்ப, இது தன் உயரத்தைச் சொல்லும். பதில் வராவிட்டால் ஜெட்டின் கருவிக்கு அங்கே கிளைடரே இல்லை.

ஆல்ப்ஸ் மலையில் கதை வேறு. அங்கே பயம் பக்கத்துக் கிளைடர்தான். மேலெழும் ஒரே வெப்பக் காற்றுத் தூணில் பல கிளைடர்கள் நெருங்கி வட்டமிடும். ஜெட்டுக்கான கருவியை அங்கே வைத்தால் ஓயாமல் அலறும். இதற்காகவே 2004 வாக்கில் சுவிட்சர்லாந்தில் பிறந்தது ஃப்ளார்ம். ஜிபிஎஸ், காற்றழுத்த உணரி இரண்டையும் வைத்து, அடுத்த சில நொடிகளில் தான் செல்லப்போகும் பாதையை, வட்டமிடுவதையும் சேர்த்தே கணித்து, நொடிக்கொரு தடவை ஒலிபரப்பும். பக்கத்துக் கருவி அதைத் தன் பாதையோடு ஒப்பிட்டு, மோதும் ஆபத்து இருந்தால் மட்டுமே கத்தும். மின்செலவும் சொற்பம்.

ஆனால் ஃப்ளார்ம் ஒலிபரப்பு ஜெட்டின் மோதல் தவிர்ப்புக் கருவிக்குக் கேட்காது. பிறகு வந்த பவர்ஃப்ளார்ம், ஜெட்டுகளின் டிரான்ஸ்பாண்டர் குறிகைகளையும், அவை தம் இருப்பிடத்தைத் தாமாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி குறிகைகளையும் கேட்கும். அதற்காக ஜெட் உங்களைக் கேட்டுவிடாது. என்னைக் கேட்டால், ஆல்ப்ஸில் முதலில் ஃப்ளார்ம். ஜெட்டுகள் இறங்கும் ரீனோ வட்டாரத்தில் முதலில் டிரான்ஸ்பாண்டர், கூடவே இன்னொரு பேட்டரி.

வாங்கியபின் ஆன்டெனா விவகாரம் இருக்கிறது. கார்பன் இழை உடல் ரேடியோ அலையை மறைக்கும். நல்லவேளையாக, ஃப்ளார்ம் பதிவுசெய்த பறப்புக் கோப்பை இணையத்தில் ஏற்றினால், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை குறிகை எட்டுகிறது என்று வரைந்து காட்டும் வசதி உண்டு. படத்தில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தால், அடுத்த பறப்புக்கு முன் ஆன்டெனாவை இடம் மாற்ற வேண்டியதுதான்.