பழைய வேனின் பின்சக்கரம் கோணலாக ஓடுகிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் பழைய ஆம்னி, டாடா ஏஸ் வண்டிகள் ஆட்களையும் மரவள்ளிக் கிழங்கையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. நேரான சாலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தால், பலரும் முன்சக்கர அலைன்மென்ட் பார்த்துவிட்டு வருகிறார்கள். சில நாளில் மறுபடியும் அதே கோணல். கோளாறு பின்னால் இருக்கும்போது முன்னால் திருத்திப் பயனில்லை.

1984-இல் வந்து 2019 வரை தயாரான மாருதி ஆம்னியில் பின் ஆக்ஸில் ஒரே தண்டு. இரண்டு ஸ்பிரிங் பட்டைக் கட்டுகள்மேல் நிற்கிறது. டாடா ஏஸும் அப்படித்தான். இந்த வண்டிகளில் பின்சக்கரத்தின் கோணத்தைத் திருகி மாற்றும் போல்ட் எதுவும் கிடையாது. பட்டைக் கட்டின் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழியில் உட்கார்ந்து, ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்துகிறது. யூ போல்ட்கள் பட்டைக் கட்டையும் ஆக்ஸிலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. அதிக பாரத்தாலோ பள்ளத்தில் விழுந்தோ யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். ஒரு பக்கம் 1 செ.மீ. நகர்ந்தாலே, 10 மீட்டர் ஓடுவதற்குள் பின்பகுதி ஏறத்தாழ 8 செ.மீ. பக்கவாட்டில் போகப் பார்க்கும். டயர் வீணாகத் தேயும். மழையில் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வால் இழுக்கும்.

அளப்பது எப்படி?

சமமான சிமென்ட் தரையில், சுமை இல்லாமல், இரு பின் டயர்களிலும் ஒரே காற்றழுத்தத்தோடு வண்டியை நேராக உருட்டி நிறுத்துங்கள். பட்டையின் முன்முனை சேஸிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். ஆக்ஸில் முனையின் நடுவிலிருந்தும் அப்படியே. இரு பக்கமும் சேர்த்து நான்கு புள்ளிகள். வண்டியை நகர்த்திவிட்டு டேப்பால் அளந்து பாருங்கள். இடது நீளமும் வலது நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூலைக்கு மூலை எடுக்கும் குறுக்கு அளவுகள் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பதில் வரும் பிசகாகவும் இருக்கலாம். அதற்குமேல் வந்தால் மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள்.

சரிசெய்வது எப்படி?

முன்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கி கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. யூ போல்ட்களைக் கழற்றி, சென்டர் போல்ட், உடைந்த பட்டை, தேய்ந்த புஷ் மூன்றையும் பாருங்கள். சென்டர் போல்ட்டை மாற்றும்போது பட்டைகள் விரியாமல் இருக்க சி-கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். போல்ட் தலை குழியில் சரியாக உட்கார்ந்த பிறகு, புது யூ போல்ட்களைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கையேடு சொல்லும் டார்க் அளவுக்கு முடுக்குங்கள். புஷ் போல்ட்களைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்களை ஒருமுறை சரிபாருங்கள்.

ஈக்கோ போன்ற வண்டிகளில் பின்னால் பட்டை இல்லை, காயில் ஸ்பிரிங்தான். அங்கே ஆக்ஸிலைப் பிடிக்கும் தண்டுகளையும் அவற்றின் புஷ்களையும் பார்க்க வேண்டும்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் ஆக்ஸில் ஹவுசிங் வளைந்திருக்கலாம். அதைச் சூடுகாட்டி, சுத்தியலால் அடித்து நிமிர்த்த வீட்டில் முயல வேண்டாம். தேர்ந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பின்பக்கம் நேரான பிறகுதான் முன்சக்கர அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிச் செல்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை இந்த அளவைப் பார்த்துவிடுங்கள். அளக்கத் தேவைப்படுவது ஒரு தூக்குக்குண்டும் சாக்பீஸும் டேப்பும்தான்.