சம்பளத்தில் பிடிக்கிறார்கள் காசு. பல் வலிக்குத் தண்டல் கடனா?

பீரோவில் தூங்கும் இ.எஸ்.ஐ. கார்டு

நமது நிருபர்

சென்னை,

இரவு 2 மணி. அம்பத்தூரில் ஒரு வாடகை வீடு. லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லில் கிராம்பு வைத்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். எதற்கும் வலி அடங்கவில்லை.

விடிந்ததும் பக்கத்துத் தெரு பல் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"சொத்தை வேர் வரைக்கும் போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணணும். மேலே தொப்பி போடணும். மொத்தம் 7,500 ரூபாய் ஆகும்" என்றார்.

கையில் இருந்தது 600 ரூபாய்.

தண்டல் கடன்

அன்றைக்கே தண்டல்காரரைப் பார்த்தார். 5,000 ரூபாய் கடன். முதலிலேயே 750 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 4,250 ரூபாய் கொடுத்தார்கள். தினமும் 50 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும்.

4,000 ரூபாய்க்கு வேர் சிகிச்சை முடிந்தது. வலி போய்விட்டது. தொப்பிக்கு இன்னும் 3,500 ரூபாய் தேவை. அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பள்ளிக்கூட பீஸ் வந்து நின்றது. "வலிதான் இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்.

வேர் சிகிச்சை செய்த பல் பலம் குறைந்து போகும். தொப்பி இல்லாவிட்டால் உடைந்துவிடும். ஆறு மாதம் கழித்து முறுக்கு கடித்தார். பல் இரண்டாகப் பிளந்தது. கடைசியில் பிடுங்கித்தான் போட்டார்கள்.

கடனும் கட்டினார். பல்லும் போயிற்று.

இந்தக் கதையை அவர் டீக்கடையில் சொன்னபோது, நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, உங்க சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?"

"பிடிக்கிறாங்க தம்பி. பதினோரு வருஷமா பிடிக்கிறாங்க. அது மெஷின்ல கை மாட்டினா, பொம்பளைங்களுக்குப் பிரசவம்னா போற இடம். பல்லுக்கு எல்லாமா பார்ப்பாங்க?"

பார்ப்பார்கள். அது தெரியாமல்தான் இவரைப் போலப் பலர் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கடனுக்கு அலைகிறார்கள்.

யார் வீட்டுக் காசு?

இ.எஸ்.ஐ. தர்ம ஆஸ்பத்திரி அல்ல. தொழிலாளியின் காசில் நடக்கும் இன்சூரன்ஸ்.

1948-ம் ஆண்டு சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ந்தேதி கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1955-ல் கோவையில் முதலில் வந்தது.

2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு. முதலாளி பங்கு நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசு. முதலாளி தன் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் இருந்து எடுக்கக்கூடாது. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நமது லேத் தொழிலாளிக்குச் சம்பளம் 16,000 ரூபாய். அவரிடம் மாதம் பிடிப்பது 120 ரூபாய். கம்பெனி போடுவது 520 ரூபாய். இரண்டும் சேர்ந்து 640 ரூபாய். வருஷத்துக்கு 7,680 ரூபாய்!

பல் டாக்டர் கேட்டது 7,500 ரூபாய்தான்.

கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என் சம்சாரத்துக்கும் பல்லுல கறுப்பா ஒரு புள்ளி இருக்கு. இனிப்பு சாப்பிட்டா சுள்ளுனு இழுக்குதாம்" என்றார்.

"அப்படின்னா இப்பவே கிளம்புங்க. அது சின்னச் சொத்தை. அடைச்சிட்டா முடிஞ்சது" என்றேன்.

திருப்பி அனுப்பினார்கள்

இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும் அல்ல. மனைவி, பிள்ளைகள், அவரையே நம்பி இருக்கும் தாய் தந்தைக்கும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளில் இருந்தே உண்டு.

முதலில் போகவேண்டியது அவரவர் கார்டுக்கு உரிய இ.எஸ்.ஐ. மருந்தகம். அங்குள்ள டாக்டர் பார்ப்பார். அங்கே பல் வைத்தியம் இல்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

தொழிலாளியும் மனைவியும் காலை 8 மணிக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். கவுண்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"கார்டுல உங்க பேர் மட்டும்தான் இருக்கு. சம்சாரம் பேரே ஏத்தலையே!"

கல்யாணம் ஆகிப் பத்து வருஷம். மனைவி பேரைக் கம்பெனியில் யாரும் சேர்க்கவில்லை. இவரும் கேட்கவில்லை. அரை நாள் சம்பளம் வீண். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். "நமக்கு எதுவும் லேசுல கிடைக்காது, வாங்க போகலாம்" என்றார்.

மறுநாள் கம்பெனி ஆபீசில் ஆதார் கார்டும் போட்டோவும் கொடுத்தார்கள். குடும்பத்தார் பேர் எல்லாம் ஏறியது. புதிதாக அச்சடித்த சீட்டும் கையில் வந்தது.

படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நோய் வந்த பிறகு பேர் ஏற்ற அலையாதீர்கள். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

20 நிமிட வேலை

இரண்டாவது முறை தடங்கல் இல்லை. மருந்தகத்துச் சீட்டோடு நகரில் உள்ள ஒரு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டோக்கன் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, பேர் கூப்பிடும்போது மணி பதினொன்றரை.

பல் டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணாடிக் கம்பியை விட்டுப் பார்த்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. சொத்தை இன்னும் நரம்பைத் தொடலை" என்றார்.

சொத்தையைச் சுரண்டி எடுத்தார். சிமெண்ட் வைத்து அடைத்தார். 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு பைசா கேட்கவில்லை.

"ஈறுல கறை கட்டியிருக்கு. கிளீன் பண்ண ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்டார் அம்மாள்.

டாக்டர் சிரித்தார். "கறைதான்மா ஈறைக் கரைச்சுப் பல்லை ஆட்டும். பல்லுக்கு நடுவுல அடைச்சிருந்த கறையை எடுத்தா இடைவெளி தெரியும். அதைப் பார்த்து ஆடுதுன்னு நினைச்சுக்கிறாங்க."

பிறகு தொழிலாளியைப் பார்த்து, "உங்க வாயையும் காட்டுங்க" என்றார். பிடுங்கிய இடத்தைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடியே இங்கே வந்திருக்கலாமே" என்றார். அவர் பதில் சொல்லவில்லை.

இ.எஸ்.ஐ. தரும் உதவிப் பொருட்கள் பட்டியலில் செயற்கைப் பல்லும் இருக்கிறது. டாக்டர் தேவை என்று எழுதவேண்டும். அழகுக்காகச் செய்யும் வேலைகளை எதிர்பார்க்கக் கூடாது.

லீவு போட்டால் சம்பளமா?

டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அது சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம். வருஷத்தில் 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாளாவது இ.எஸ்.ஐ. கட்டியிருக்கவேண்டும்.

ஆனால், முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆகவே, பல் அடைக்க ஒரு நாள் லீவு போட்டால் அந்தச் சம்பளம் போனதுதான். இரவு ஷிப்ட் இருப்பவர்கள் பகலில் போய்விட்டு வருவது நல்லது.

குறையும் உண்டு

எல்லாம் தேனும் பாலும் அல்ல. கூட்டம் அதிகம். எல்லா மருந்தகத்திலும் பல் நாற்காலி இருக்காது. ஒரு பல்லுக்கு மூன்று நான்கு முறை நடக்கவேண்டி வரலாம். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

காண்டிராக்ட் தொழிலாளிக்கு இன்னொரு தொல்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும். ஆனால் காண்டிராக்டர் பணத்தைக் கட்டியிருக்க மாட்டார். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது குற்றம். கட்டினாரா இல்லையா என்பதை 10 இலக்க இன்சூரன்ஸ் நம்பரைக் கொண்டு செல்போனில் உமங் செயலியிலேயே பார்க்கலாம். கட்டவில்லை என்றால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில் உள்ள இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

சென்னையில் அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. இல்லாத வீட்டு வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், சின்னக் கடைச் சிப்பந்திகளுக்குக் கோட்டை ரெயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953 முதல் நடப்பது.

மகள் வாயிலும் புள்ளி

இரண்டு வாரம் கழித்து அந்தத் தொழிலாளியைத் தெருவில் பார்த்தேன். மனைவிக்குப் பல் கிளீன் செய்தாகிவிட்டது. கையில் எட்டு வயது மகளைப் பிடித்திருந்தார்.

"எங்கே அண்ணே, காலங்காத்தால?"

"நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன் தம்பி. இதுக்கும் ஒரு புள்ளி இருக்கு. வலி இல்லைன்னுதான் சொல்லுது. எனக்கும் அப்போ வலி இல்லாமத்தானே இருந்துச்சு?"

சட்டைப் பையில் இ.எஸ்.ஐ. கார்டு எட்டிப் பார்த்தது. மகளோடு பஸ் ஏறினார்.