இஞ்சினைத் தட்டுமுன் ஒரு நிமிடம்!

தோட்டப் பாட்டாளித் தோழர்களே,

நம் சிறு வயதில் லயத்துக்குக் கரண்டு தந்தது தோட்டத்து இஞ்சின். ராத்திரி அது நின்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் கரண்டு தோட்ட எல்லையைத் தாண்டியதில்லை. இன்று தெனாகா நேஷனல் கம்பி வந்துவிட்டது. கூடவே, அவசரத்துக்கென்று சின்ன ஜெனரேட்டர்களும் வந்துவிட்டன. இந்த இரண்டு கரண்டும் ஒருபோதும் ஒன்றுசேரக் கூடாது.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் அம்மன் திருவிழா. திடீரென்று கரண்டு போனது. இளைஞர் ஒருவர் இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரிலிருந்து கோயில் சுவர்ப் பிளக்கில் சொருகப் போனார்.

"தம்பி, நில்லு!" என்றோம்.

"மெயின அடைச்சிட்டேன் அண்ணே, என்ன ஆயிடும்?"

என்ன ஆகும்? இருட்டில் யாராவது மெயினைத் தட்டிவிட்டால் போதும். ஜெனரேட்டர் கரண்டு வெளிக் கம்பிக்குப் போய்விடும். வீட்டுக்கு வரும்போது 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், திரும்பிப் போகும் 230 வோல்ட்டை 11,000 வரை ஏற்றிவிடக் கூடும். கம்பத்தில் பழுது பார்க்கும் லைன்மேன், கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பித் தொடுவார். அவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கும் பாட்டாளிதானே! கரண்டு திரும்பி வந்தாலோ ஜெனரேட்டர் கருகும்; தீயும் பிடிக்கலாம். சொருகிய பிளக் கழன்றால் அதன் பித்தளை முனையே ஆளைக் கொல்லும்.

1996 ஆகஸ்டு 3-ம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டது. அப்படியொரு நாளில் ஊரெங்கும் இப்படிச் சொருகினால் கம்பத்தில் ஏறுபவர் கதி என்ன?

இதற்கு வழி 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச். ஒரு பக்கம் தெனாகா, மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் 'ஆப்'. இரண்டும் ஒரே நேரத்தில் சேர அது விடாது. மெயினை அடைப்பது மனிதனின் ஞாபகத்தை நம்பியது. ஞாபகம் தவறும், இந்தச் சுவிட்ச் தவறவிடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை வைத்தே இதைப் பொருத்த வேண்டும். அது இல்லாத இடத்தில், விளக்கையும் ஒலிபெருக்கியையும் தனி ஒயரில் நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டுங்கள். சுவர்ப் பிளக் பக்கமே போகாதீர்கள்.

தோட்ட ஜெனரேட்டரில் இந்தச் சுவிட்ச் இருக்கிறதா? கேளுங்கள். 1994-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அங்கே எழுப்புங்கள், கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொல்லுங்கள்.

அன்று அந்தத் தம்பி ஒயரைச் சுருட்டிவிட்டார். விளக்குகளை ஜெனரேட்டரிலேயே மாட்டினோம். அம்மன் தேர் வெளிச்சத்தோடுதான் புறப்பட்டது.